ஏழு நாளில் எத்தனை நாவல்? – வாசகர் கேள்வி பதில்

மதுரையில் வாசகர் வட்டம் ஒன்று அடுத்த மாதம் திங்கள் முதல் ஞாயிறு வரை 'ஏழு நாளில் ஏழு நாவல்' என்று ஒரு வாசிப்புச் சவாலை அறிவித்திருக்கிறது. அதில் எந்த நாவல்களைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் திருமங்கலத்திலிருந்து தினமும் பேருந்தில் மதுரைக்கு வந்து, கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகிறேன். பிள்ளைகள் இருவர் பள்ளியில் படிக்கிறார்கள். சவாலுக்காக ஏழு நாவல்களைப் பட்டியல் போட்டிருக்கிறேன். 'காவல் கோட்டம்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டும் அதில் உண்டு. பட்டியலைப் பார்த்த என் கணவர், "இது என்ன, கல்யாண மளிகைச் சிட்டையா?" என்று சிரிக்கிறார். என் தேர்வு சரிதானா? – ஒரு வாசகி, திருமங்கலம்.

பதில்: நீங்கள் கணக்கெழுதுகிறவர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குவோம். காலையில் பேருந்து புறப்படும் இடத்திலேயே ஏறுவதால் உங்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். அதில் 40 நிமிடம் படிக்கலாம். மாலையில் பெரியார் பேருந்து நிலையத்தில் ஏறினால் திருநகர் வரையிலாவது நின்றுகொண்டுதான் வர வேண்டியிருக்கும் என்பதால் அந்தப் பயணத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பிள்ளைகள் உறங்கிய பிறகு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஆறு நாளில் 10 மணி நேரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் போக 4 மணி நேரம் மிஞ்சும். ஆக மொத்தம் 14 மணி நேரம்.

இனி வேகத்தைப் பார்க்க வேண்டும். ஏதேனும் ஒரு நாவலை நடுவில் பிரித்துக் கால் மணி நேரம் படித்துப் பாருங்கள். தொடக்கப் பக்கங்களில் எல்லோருமே மெதுவாகத்தான் படிப்போம், ஆகையால் அவை அளவுகோல் ஆகா. ஆறு பக்கத்துக்குச் சற்று மேல் ஓடினால் மணிக்கு 25 பக்கம் என்று கொள்ளலாம். அப்படியானால் அந்த வாரம் முழுவதற்கும் உங்கள் கையிருப்பு 350 பக்கம். 2011-க்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற 'காவல் கோட்டம்' ஒன்று மட்டுமே ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். மதுரையின் பல நூற்றாண்டு வரலாற்றைத் தாங்கி நிற்கும் அந்த நாவலை, நாளொன்றுக்கு ஓர் அதிகாரம் என்று ஆடி மாதம் தொடங்கி ஐப்பசி வரை படித்தால்தான் அதில் சொல்லப்படும் தெருக்களும் கோட்டை வாசல்களும் மனத்தில் தங்கும். சவாலுக்காக அதை எடுப்பது, தேரை மாட்டு வண்டியில் கட்டி இழுப்பதைப் போன்றது.

ஆகவே, ஏழு என்னும் எண்ணை விட்டுவிடுங்கள். என் யோசனை மூன்று நாவல்கள். திங்களும் செவ்வாயும் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. 1959-இல் நூலாக வந்த இது நூறு பக்கத்துக்குள் அடங்கிவிடும். கதை முழுவதும் ஒரே பிற்பகலில், ஒரு ஜல்லிக்கட்டுத் திடலில் நடந்து முடிகிறது. பிச்சியும் மருதனும் வாடிவாசலை ஒட்டி நின்றுகொண்டு பக்கத்திலிருக்கும் கிழவரிடம் பேச்சுக்கொடுக்கும் அந்தத் தொடக்கத்திலேயே உரையாடல் நம் பக்கத்துப் பேச்சாக இருப்பதால், பேருந்தின் இரைச்சலிலும் கவனம் சிதறாது. புதன் முதல் வெள்ளி வரை ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே'. 1974-இல் வெளியான இந்த நாவலும் ஒரே ஒரு நாளின் கதைதான். கந்தன் என்னும் மனிதன் காலையில் கண்விழிப்பதிலிருந்து தொடங்குகிறது. பாலியல் தொழிலும் சாராயமும் சண்டையும் நிறைந்த உலகத்தை எவ்வித ஒப்பாரியும் இல்லாமல் சொல்கிறது. நாகராஜன் தனிப்பயிற்சிக் கல்லூரிகளில் கணிதம் நடத்தியவர். தேவையில்லாத ஒரு வரியைக்கூட விட்டுவைக்காத அந்த நடைக்கும் கணிதத்துக்கும் தொடர்பு உண்டு என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன்: பேருந்தில் அருகில் அமர்பவர் எட்டிப் பார்த்துப் படிக்கும் வழக்கம் உள்ளவராக இருந்தால், இதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சனியும் ஞாயிறும் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையில் நடக்கும் கதை என்றாலும், அடிகுழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடியவர்கள் யாருக்கும் கதைநாயகி ஜமுனாவை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. மூன்றும் சேர்ந்து உங்கள் 350 பக்கத்துக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். பட்டியலின் மற்ற நாவல்கள் எங்கும் ஓடிப்போய்விடா.

கேள்வி: எங்கள் ஊரில் பிறந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை இருமுறை தொடங்கி, இருமுறையும் ஐம்பது பக்கத்தில் நிறுத்திவிட்டேன். இந்த வாரத்தில் எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். முடியுமா? – ஒரு வாசகர், சிங்கம்புணரி.

பதில்: முடியும், ஆனால் அந்த வாரத்தை வேறு எந்த எழுத்தாளருக்கும் பங்கு வைக்கக் கூடாது. நீங்கள் நின்றுபோன இடத்திலேயே பலரும் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காரணம் கதையன்று, சொற்கள்தாம். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படை சுமத்திராவின் மெடான் நகருக்குள் நுழையும் காலத்தில் நாவல் தொடங்குகிறது. அங்கே மலாய்ச் சொற்களும் டச்சுக்காரர் வைத்த தெருப்பெயர்களும் செட்டியார் வட்டிக்கடைகளின் தொழில்மொழியும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. அடுத்தாள் யார், பெட்டியடிப் பையன் யார் என்பது நமக்கு விளங்குவதற்குள் கதைநாயகன் பாண்டியன் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறான்.

இதற்கு ஆசிரியரே ஒரு வழி வைத்திருக்கிறார். 1959-இல் வந்த அவருடைய முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' இதே உலகத்தைத்தான் காட்டுகிறது: பினாங்கு, வட்டிக்கடை, போர்க்காலம். ஆனால் அதில் கதை நேர்கோட்டில் செல்கிறது, செல்லையாவுக்கும் முதலாளியின் மகளுக்கும் இடையிலான காதல் நம்மைக் கைபிடித்து அழைத்துப்போகிறது, அளவிலும் சிறியது. திங்கள் முதல் புதன் வரை அதைப் படித்துவிட்டால், கடையில் யார் எங்கே உட்காருவார், யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதெல்லாம் பழகிவிடும். வியாழக்கிழமை 'புயலிலே ஒரு தோணி'யைக் கையில் எடுக்கும்போது நீங்கள் அந்தக் கடைக்குப் புதிய ஆள் அல்லர். இரண்டு நாவல்களும் ஒரே தொகுதியாகவும் வந்திருப்பதால், அந்தப் பதிப்பு கிடைத்தால் வசதி.

ஆசிரியர் இளமையில் மெடானுக்குச் சென்று, போருக்குப் பின் திரும்பி, மதுரையில் ஒரு நாளிதழில் நெடுங்காலம் பணியாற்றியவர். 1972-இல் வெளிவந்த இந்த இரண்டாவது நாவலுக்குப் பிறகு அவர் வேறு நாவல் எழுதவில்லை. கடல் கடந்த நாட்டில் இருக்கும் பாண்டியனின் நினைவில் மதுரைத் தெருக்களும் சிற்றூர்ச் சந்தையும் வந்து குவியும் இடங்கள் உண்டு. அவற்றைச் சனிக்கிழமை இரவு, வீடு அடங்கிய பிறகு, வாய்விட்டுப் படியுங்கள். மனத்துக்குள் படிக்கையில் முட்டுக்கட்டையாகத் தோன்றிய நீண்ட தொடர்கள், குரலில் ஏறியதும் தாமாக நடக்கத் தொடங்கும். விளங்காத சொல்லுக்காக எங்கும் நிற்க வேண்டாம். மூன்றாம் முறை வரும்போது அது தானே விளங்கும்.

கேள்வி: 'அசுரன்' திரைப்படத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். அதற்கு மூலமான 'வெக்கை'யைச் சவாலில் சேர்ப்பது வீண்தானே? – கல்லூரி மாணவர், மேலூர்.

பதில்: வீண் அன்று. பூமணியின் 'வெக்கை' 1982-இல் வந்தது. 2019-இல் வந்த படம் அதிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு, தன் கதையைத் தான் கட்டிக்கொண்டது. படத்தில் வரும் தந்தையின் பழங்கதையைத் தேடிக்கொண்டு நாவலுக்குள் போனால் ஏமாந்து போவீர்கள். நாவல் முழுவதும் பதினைந்து வயதுப் பையனோடும் அவன் தந்தையோடும் காட்டிலும் ஓடையிலும் மறைந்து திரிகிறது. எதைச் சமைத்தார்கள், எங்கே படுத்தார்கள் என்பதே அதில் பெரிய செய்தி. கரிசல் பேச்சு முதல் பத்துப் பக்கம் வரைதான் இடறும். இரண்டு நாள் போதும்.

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் ஏழு நாளில் முடிக்கலாமா? – ஒரு வாசகர், வாடிப்பட்டி.

பதில்: விடுமுறையும் இளவயதும் இருந்தால் முடிக்கலாம், முடித்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அது 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடராக வந்த கதை. ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்த வாரம் வரை வாசகரைத் தவிக்க வைப்பதற்கென்றே ஒரு திருப்பத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒரே நாளில் முப்பது அத்தியாயம் படிக்கிறவருக்கு அந்தத் தவிப்புக்கு நேரம் ஏது? முதல் பாகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பிலும் இப்படி ஒரு வாரம் நடத்த நினைக்கிறோம். சித்திரைத் திருவிழா விடுமுறையில் வைத்தால் எல்லோருக்கும் நேரம் கிடைக்கும் என்கிறார்கள். பெரிய நாவல்களையே எடுக்கலாமா? – ஒரு குடும்பத்தலைவி, அவனியாபுரம்.

பதில்: அம்மா, இந்தத் தவற்றை நானே ஒரு முறை செய்திருக்கிறேன். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டு, எழுநூறு பக்க நாவல் ஒன்றை எடுத்து வைத்தேன். எதிர்சேவைக்கு முதல் நாள் காலையில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து உறவினர்கள் பதினொரு பேர் வந்து இறங்கினார்கள். பகலெல்லாம் பானகமும் நீர்மோரும் கலக்குவதில் கழிந்தது. இரவில் கூடம் முழுவதும் பாய் விரித்து ஆட்கள் உறங்கியதால் விளக்குப் போட வழியில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, எதிர்வீட்டுக்காரர் மண்டகப்படிக்காகக் கட்டியிருந்த சீரியல் பல்பு வெளிச்சத்தில் படிக்க முயன்றேன். சிவப்பு எரியும்போது ஒரு வரி, பச்சை எரியும்போது ஒரு வரி. அந்த வாரத்தின் மொத்த வரவு 40 பக்கம். அந்த நாற்பதிலும் யார் யாருக்கு மாமன் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மதுரையில் சித்திரையை விட்டுவிடுங்கள். ஆடியிலோ புரட்டாசியிலோ, வீட்டில் கல்யாணம் காதுகுத்து இல்லாத ஒரு சாதாரண வாரத்தைப் பாருங்கள். வழக்கமான நாளில் ஒருவருக்கு எந்த நேரம் தனக்கென்று மிஞ்சுகிறதோ, அதில் படிப்பதற்கேற்ற நாவலே அவருக்கு உகந்தது. பெரிய நாவலே வேண்டும் என்றால், எல்லோருமாக ஒரே நாவலை எடுத்து, ஆளுக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்ளாமல், எல்லோரும் முதல் இருநூறு பக்கத்தை மட்டும் படித்துப் பேசலாம்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். கண்ணில் புரை நீக்கி ஓராண்டு ஆகிறது. பொடி எழுத்து ஒத்துக்கொள்வதில்லை. நாவலைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? – ஒரு வாசகர், சோழவந்தான்.

பதில்: ஐயா, தலைப்புக்கு முன் பதிப்பைக் கவனியுங்கள். ஒரே நாவல் ஒரு பதிப்பில் 180 பக்கமும் இன்னொன்றில் 260 பக்கமுமாக வருவதுண்டு. குறைந்த பக்கம் என்பது பல நேரங்களில் குறுகிய எழுத்து என்பதைத்தான் குறிக்கிறது. ஆகவே கடையிலோ நூலகத்திலோ புத்தகத்தின் நடுப்பக்கத்தைப் பிரித்து, கையை முழுவதும் நீட்டிப் பிடித்துப் பாருங்கள்; அந்தத் தொலைவில் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம். புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு முறை போய், வேண்டிய நாவல்களை அங்கேயே உட்கார்ந்து பத்துப் பத்துப் பக்கம் படித்துப் பார்த்துவிட்டு, பிறகு வாங்குவது நல்லது. வெளிச்சமும் இருக்கையும் வசதியாக இருக்கின்றன. தாளின் நிறத்தையும் பாருங்கள். வெள்ளை வெளேர் என்ற பளபளப்புத் தாளைவிடப் பழுப்புத் தாள் இரவு விளக்கில் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

கேள்வி: எல்லோருக்கும் பட்டியல் போடுகிறீர்களே, நீங்கள் எதைப் படிக்கப் போகிறீர்கள்? – ஒரு வாசகி, வத்தலக்குண்டு.

பதில்: உங்கள் ஊர் நாவல்கள் இரண்டைத்தான். வத்தலக்குண்டில் பிறந்த பி.ஆர். ராஜம் ஐயர் 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக எழுதிய 'கமலாம்பாள் சரித்திர'த்தையும், அதே ஊரைச் சொந்த ஊராகக் கொண்ட செல்லப்பாவின் 'வாடிவாசலை'யும் அடுத்தடுத்துப் படிக்க எண்ணியிருக்கிறேன். முன்னது மதுரை மாவட்டத்துச் சிறுகுளம் என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளை வரும் இடங்களில் இப்போதும் சத்தமாகச் சிரிக்கலாம். பிற்பகுதியில் கதை வேதாந்தத்தின் பக்கம் திரும்பியதும் இரண்டு முறை நான் புத்தகத்தை மூடியிருக்கிறேன். இருபத்தாறாவது வயதிலேயே மறைந்துவிட்ட ஒருவர் ஏன் அப்படித் திருப்பினார் என்பதைத் தெரிந்துகொள்வதற்காகவாவது இம்முறை கடைசிப் பக்கம் வரை போக விரும்புகிறேன். என்னிடம் இருக்கும் பிரதியின் முதுகு பிய்ந்து, நடுவிலிருந்து சில தாள்கள் கழன்று வந்துவிட்டன. திங்கட்கிழமைக்குள் அதைப் பைண்டிங் கடையில் கொடுத்து வாங்கியாக வேண்டும்.