ஓரகத்தி எதிரே உட்கார்ந்திருக்க, பாவ அறிக்கை ஜெபம் செய்வது எப்படி?

கேள்வி: ஐயா, லெந்து (தவக்கால) நாட்களில் எங்கள் சபையில் வெள்ளிதோறும் வீட்டு ஜெபம் நடக்கும். வருகிற வெள்ளி எங்கள் வீட்டில். பாவ அறிக்கை ஜெபத்தை என்னையே செய்யச் சொல்லிவிட்டார் ஆயரம்மா. சீட்டுப் பண விஷயத்தில் எனக்கும் என் ஓரகத்திக்கும் ஏழு மாதமாகப் பேச்சு இல்லை. அவள் தவணை கட்டவில்லை என்று மாமியாரிடம் சொன்னது நான்தான். அப்புறம் நோட்டைப் பார்த்தால் கட்டியிருக்கிறாள். அவளும் கூட்டத்துக்கு வருவாள். எல்லார் முன்னாலும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாமா? இன்னொன்று, மற்றவர்களைப் போல எனக்கு ஜெபத்தில் அழுகை வருவதில்லை. என் மனந்திரும்புதல் உண்மையில்லையோ?
- வாசகி, காட்பாடி

பதில்: எல்லார் முன்னாலும் வேண்டாம் அம்மா. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அவர் வீட்டுக்குத் தனியாகப் போய் வாருங்கள்.

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து காணிக்கையைச் செலுத்து என்று மத்தேயு 5-ல் இயேசு சொல்கிறார். அதைச் சொன்ன இடம் கலிலேயா. பலிபீடம் இருந்ததோ எருசலேமில், நூறு கிலோமீட்டருக்கும் மேலே. பலி செலுத்த அவ்வளவு தூரம் நடந்து வந்தவன், அதை அப்படியே விட்டுவிட்டு மறுபடியும் மூன்று நான்கு நாள் நடந்து ஊருக்குப் போய்ச் சமாதானமாகி வரவேண்டும். கேட்டவர்கள் திகைத்துப்போயிருப்பார்கள். உங்கள் ஓரகத்தி வீடு அவ்வளவு தூரம் இருக்காது.

கூட்டத்தில் ஏன் கூடாது? சபையார் நடுவில் நீங்கள் அழுது கைகூப்பினால் அவர் என்ன செய்ய முடியும்? மனம் ஆறாவிட்டாலும் "பரவாயில்லை அக்கா" என்று சொல்லியே ஆகவேண்டும். அது அவரை மூலையில் நிறுத்துவது. மறுநாள் காலைக்குள் சீட்டுக் கதை சத்துவாச்சாரி வரை போய்ச் சேர்ந்துவிடும், அது வேறு. பாவம் எவ்வளவு தூரம் பரவியதோ அவ்வளவு தூரம்தான் அறிக்கையும் போகவேண்டும் என்பது போதகர்கள் கைக்கொள்ளும் பழைய வழக்கம். உங்கள் பொய்யைக் கேட்டவர் மாமியார். காயப்பட்டவர் ஓரகத்தி. ஆக, போகவேண்டிய வீடு ஒன்றல்ல, இரண்டு. "அத்தை, அன்றைக்கு நான் சொன்னது தப்பு, அவள் கட்டிவிட்டாள்" என்று மாமியாரிடம் சொல்வதுதான் இதில் கஷ்டமான பாதி. அதை விட்டுவிட்டு ஓரகத்தியிடம் மட்டும் போனால், அவர் பெயர் இன்னும் கெட்ட பெயராகவேதான் இருக்கும்.

போய் என்ன சொல்வது என்பதில் கவனம் வேண்டும். வேதத்தில் "பாவஞ்செய்தேன்" என்று சொன்ன இரண்டு ராஜாக்கள் உண்டு. கர்த்தரின் கட்டளையை ஏன் மீறினாய் என்று தீர்க்கதரிசி சாமுவேல் வந்து கேட்டபோது சவுலும் அதைத்தான் சொன்னான். ஆனால் கூடவே, ஜனங்களுக்குப் பயந்து அப்படிச் செய்தேன் என்று ஒரு காரணத்தை ஒட்டவைத்தான். அடுத்து, மூப்பர்கள் முன்னால் என்னைக் கனம்பண்ணும் என்று கேட்டான். மன்னிப்பும் வேண்டும், மேடையில் நாற்காலியும் வேண்டும். தீர்க்கதரிசி நாத்தான் வந்து நின்றபோது தாவீது சொன்னது, "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்", அவ்வளவுதான். பாவத்தை எடை போட்டால் தாவீதுடையதுதான் கனம்: விபசாரம், அதை மறைக்க ஒரு கொலை. ஆனாலும் அவன் வாயிலிருந்து ஒரு "ஆனால்" வரவில்லை. அப்போது அவன் பாடியதாகச் சொல்லப்படும் 51-ஆம் சங்கீதம் முழுக்கத் தேடிப் பாருங்கள், அடுத்தவர் மேல் பழி போடும் வரி ஒன்றுகூட இல்லை. தாழ்மை என்று நாம் சொல்வது எனக்குத் தெரிந்து இதுதான். குரலைத் தாழ்த்துவதும் "நான் புழு, பூச்சி" என்று சொல்லிக்கொள்வதும் அல்ல. செய்ததைச் செய்த அளவில், கூட்டாமல் குறைக்காமல், காரணம் ஒட்டாமல் சொல்வது. "நான் சொன்னது தப்புதான், ஆனால் நீயும் நோட்டை முன்னாலேயே காட்டியிருக்கலாம்" என்று ஆரம்பித்தால் சவுல் வந்து உட்கார்ந்துவிடுவான்.

அவர் கதவைச் சாத்திவிட்டால்? சரி, திரும்பி வாருங்கள். மன்னிப்பது அவர் பாடு, அவர் நேரம். நீங்கள் வெள்ளிக்கிழமை தடையில்லாமல் ஜெபிக்கலாம்.

இனி கூட்டத்து ஜெபம். இதில் நான் விழுந்த குழி ஒன்று இருக்கிறது. ஊழியத்துக்கு வந்த புதிதில் வாலாஜா பக்கம் ஒரு கிராமத்துச் சபையில் இருந்தேன். பொருளாளரோடு எனக்கு மனத்தாங்கல். ஒரு சாயங்கால ஜெபத்தில், "ஆண்டவரே, உமது வீட்டுக் கணக்கில் உண்மையில்லாதவர்களை நீரே உணர்த்தும்" என்று உருக்கமாக வேண்டினேன். அவர் முன்வரிசையில்தான் இருந்தார். முடிந்ததும் வெற்றிலைப் பையோடு ஒரு பாட்டி கிட்டே வந்தார். "ஐயரே, இப்போ சாமிகிட்ட பேசினீங்களா, அவருகிட்ட பேசினீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடுத்தவரைக் குத்துவது திறந்த கண்ணோடு திட்டுவதைவிட மோசம், ஏனென்றால் அவரால் பதில் சொல்ல முடியாது. நம் ஊர் ஜெபக்கூட்டங்களில் இது இன்னும் தாராளமாக நடக்கிறது.

ஆகவே, பொது ஜெபத்தில் "சிலர்", "அவர்கள்" வேண்டாம். "நாங்கள்" என்று சொல்லுங்கள், அதில் நீங்களும் இருங்கள். நெகேமியா பெர்சியாவின் சூசான் அரண்மனையில் ராஜாவுக்குப் பானபாத்திரக்காரன். எருசலேம் இடிந்து கிடந்ததற்கு அவன் நேரடிக் காரணமல்ல. ஆனாலும், "நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம்" என்கிறான். கத்தோலிக்கத் திருப்பலியின் பாவ அறிக்கையில் "சகோதர சகோதரிகளே உங்களிடமும்" என்று ஒரு சொல் வருகிறது. பக்கத்தில் நிற்பவர் காதில் விழும்படி நான் பாவி என்று ஒத்துக்கொள்வது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனையிலும் பாவ அறிக்கையை எல்லாருமாகச் சேர்ந்து சொல்கிறோம். ஆயரும் அந்தக் "நாங்களுக்குள்" அடக்கம்.

அந்த "நாங்களுக்குள்" என்ன வைப்பது என்றுதான் பலர் திணறுகிறார்கள். பொதுவாக "எங்கள் அக்கிரமங்களை மன்னியும்" என்றால் ஒருவருக்கும் உறைக்காது. நம் பக்கத்தில் தேடவேண்டியதில்லை. பாலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ராணிப்பேட்டை, ஆம்பூர், பேர்ணாம்பட்டில் அந்தச் சம்பளத்தில் படித்த பிள்ளைகள் நம் சபைகளில் எத்தனை பேர்! தொழிலாளியைக் குற்றவாளியாக்கச் சொல்லவில்லை. ஆற்றின் பெயரை ஒருமுறையாவது ஜெபத்தில் சொல்லலாமே என்கிறேன். சாதி இன்னொன்று. சபையில் சாதி கூடாது என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பியது 1833-ல். நம் கல்யாணப் பேச்சுகளில் முதல் கேள்வி இன்றைக்கும் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் வெள்ளி ஜெபத்துக்கு ஒரு மாதிரி தருகிறேன். இதையே வாசிக்க வேண்டாம், உங்கள் வாய்ப்பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"பிதாவே, இந்த வாரம் நாங்கள் பேசிய பேச்சுகளில் உண்மையில்லாதவை இருந்தன. விசாரிக்காமல் நம்பினோம், நம்பியதைப் பரப்பினோம். எங்கள் நாவினால் ஒருவர் பெயர் கெட்டிருந்தால், அதைச் சரிசெய்யப் போகும் தைரியத்தைத் தாரும். எங்களுக்கு இரங்கும்."

அதற்கப்புறம் பேசாதீர்கள். மனதுக்குள் முப்பது எண்ணுங்கள். அந்த அமைதியில் யாராவது இருமுவார்கள், ஃபேன் சத்தம் கேட்கும், உங்களுக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருக்கும். சொல்லாதீர்கள். அவரவர் பெயர் சொல்லி அவரவர் அறிக்கையிடும் இடம் அதுதான். மொத்தமே ஐந்து நிமிடம் போதும். தாண்டினால் ஓரத்து நாற்காலிப் பெரியவர் தூங்கிவிடுவார். அது அவருடைய பாவமல்ல.

அழுகை பற்றிக் கேட்டீர்கள். குடியாத்தம் போகவேண்டியவர் தெரியாமல் ஆற்காடு பஸ்ஸில் ஏறிவிட்டார் என்று வையுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்காடு வரை அழுதால் குடியாத்தம் வருமா? இறங்கவேண்டும், ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நிற்கவேண்டும். எபிரெய வேதத்தில் இதற்கு வருகிற சொல்லுக்கே "திரும்புதல்" என்றுதான் அர்த்தம். நம் தமிழ்ச் சொல்லிலும் அது அப்படியே இருக்கிறது. இயேசுவை மறுதலித்த பேதுரு மனங்கசந்து அழுதான், திரும்பினான். அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டான், 30 வெள்ளிக்காசைக்கூடத் திருப்பிக் கொடுத்தான், ஆனால் இயேசுவிடம் திரும்பவில்லை. கண்ணீர் வந்தால் வரட்டும், வராவிட்டால் வரவழைக்காதீர்கள்.

தனி ஜெபத்துக்கு ஒன்றே ஒன்று. ராத்திரி படுக்குமுன் அன்றைய நாளில் ஒரு தப்பை மட்டும் எடுத்து, அதற்குரிய பெயரைச் சொல்லுங்கள். "கோபப்பட்டேன்" போதாது, "சின்னவனை அவன் நண்பன் முன்னால் அடித்தேன்" என்று சொல்லவேண்டும். முழங்கால் வலித்தால் கட்டிலில் உட்கார்ந்தே ஜெபியுங்கள்.

போகும்போது சீட்டு நோட்டையும் எடுத்துப் போங்கள் அம்மா. மாமியார் அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.