வான்கோழி ரோல்: கறி காயாமல், சப்பாத்தி ஊறாமல்

பாளையங்கோட்டை பெருமாள்புரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் கல்லூரியில் ஹாக்கி விளையாடுகிறான், நல்ல பசிக்காரன். திசையன்விளைப் பக்கம் என் தம்பி தோட்டத்தில் வான்கோழி வளர்க்கிறான். அவ்வப்போது ஒன்று வீட்டுக்கு வந்துவிடும். குழம்பும் பிரியாணியும் வைத்து அலுத்துவிட்டது. வெள்ளரிக்காய், தக்காளி வைத்துச் சப்பாத்தியில் சுருட்டி மதியத்துக்குக் கொடுத்தேன். கறி தும்பு மாதிரி, சப்பாத்தி ஓரத்தில் அப்பளம், நடுவில் கூழ் என்று இரண்டு பேரும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். காலையில் எனக்கு 20 நிமிஷத்துக்கு மேல் கிடையாது. பாக்கெட்டில் சீவி வரும் வான்கோழித் துண்டுகளை வாங்கிவிடலாமா? அது உடம்புக்கு நல்லதா?"

பாக்கெட் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கு ஒரு நாள் பரவாயில்லை. வாரம் நான்கு நாள் வேண்டாம். காரணம் உப்பு. பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் எவ்வளவு என்று போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். 100 கிராமுக்கு 900 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால், அதில் இரண்டே கால் கிராம் உப்பு இருக்கிறது. இந்த வகைத் துண்டுகளில் இது சாதாரணமாகப் பார்க்கும் அளவுதான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. மதியச் சாப்பாட்டின் கறி மட்டுமே அதில் பாதியைத் தின்றுவிட்டால், ராத்திரி ரசத்துக்கும் ஊறுகாய்க்கும் எங்கே போவது? அதோடு, தோட்டத்துக் கறி வீடு தேடி வரும்போது பாக்கெட்டுக்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இனி உங்கள் ரோலுக்கு வருவோம். நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் உண்மையில் ஒரே குறைதான். கறியில் இருக்கவேண்டிய தண்ணீர் அடுப்பிலேயே வெளியேறிவிட்டது. வெள்ளரிக்காயிலும் தக்காளியிலும் இருந்த தண்ணீர் சப்பாத்திக்குள் போய்விட்டது. சப்பாத்தியின் சொந்த ஈரமோ ஓரம் வழியாகக் காய்ந்துவிட்டது. எந்த மசாலா போடுவது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கறியை எடுத்துக்கொள்வோம். வான்கோழியின் நெஞ்சுக்கறியும் தொடைக்கறியும் ஒரே பறவையில் இருந்தாலும் சமையலில் இரண்டும் இரண்டு சாதி. தோல் நீக்கிய நெஞ்சுக்கறியில் கொழுப்பு 2 சதவீதம் அளவுதான். வெந்த கறி 100 கிராமில் ஏறத்தாழ 30 கிராம் புரதம் கிடைக்கும். சத்துக் கணக்குக்கு இதைவிட நல்ல கறி கிடைப்பது அரிது. ஆனால் சூடு கொஞ்சம் கூடினாலும் நார் சுருங்கி, பிழிந்த துணி மாதிரி ஆகிவிடும். குழம்பில் அரை மணி நேரம் கொதிக்கவிட்ட நெஞ்சுக்கறியைப் பிய்த்து ரோலில் வைத்தால் தும்புதான் வரும். தொடையிலும் காலிலும் கொழுப்பு சற்றுக் கூடுதல், இரும்பும் துத்தநாகமும் கூடுதல், எலும்பை ஒட்டிய சவ்வும் அதிகம். அந்தச் சவ்வு வேக வேகக் கரைந்து, கறிக்கு ஒரு வழுவழுப்பைக் கொடுக்கும். ஆறிய பிறகும் காய்ந்துபோகாது.

அதனால் டப்பாவில் போகும் ரோலுக்கு என் ஓட்டு தொடைக்கறிக்குத்தான். நெஞ்சுக்கறியை, சுட்டவுடன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் எல்லோரும் நெஞ்சுக்கறியைத்தானே காட்டுகிறார்கள் என்பீர்கள். அவர்கள் காட்டுவது நெஞ்சு அகலத்துக்கென்றே பெருக்கிய வெளிநாட்டு வெள்ளைப் பறவை. தமிழ்நாட்டுக்கென்று உருவாக்கிய நந்தனம் 1 ரகம், நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் சின்ன வெள்ளை என்ற சின்ன உருவ அமெரிக்க ரகத்தையும் கலந்தது. உங்கள் தம்பி தோட்டத்துப் பறவை தேரிக்காட்டு வெயிலில் ஓடித் திரிந்ததாக இருக்கும். காலில் வலு இருக்கும், நெஞ்சு சின்னதாக இருக்கும். வீடியோவில் சொல்லும் நிமிடக் கணக்கு அதற்கு ஒத்துவராது.

வெட்டும்போதே நெஞ்சு, தொடை, கால் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். குழாயை வேகமாகத் திறந்துவிட்டு அதன் அடியில் கறியைக் கழுவாதீர்கள். தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் தொட்டி, மேடை, பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லிக் கட்டு வரை போகும். கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் (நம் அடுப்பங்கரையில் கழுவாமல் கறி சமைக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்?) ஒரு அகல ஏனத்தில் தண்ணீர் பிடித்து, மஞ்சள் போட்டு, பைய அலசி ஊற்றிவிட்டு, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். காய் நறுக்கும் பலகை வேறு, கறிப் பலகை வேறு.

அரை கிலோ கறிக்கு ஒரு தேக்கரண்டி தூள் உப்பு, தலை தட்டி. அதாவது 5 கிராம் அளவு. அரை கப் கெட்டித் தயிர், ஒன்றரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், சீரகம், இஞ்சி பூண்டு. இவற்றைப் பிசறி ராத்திரியே ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கினால், கறி வேகும்போது தன் தண்ணீரை அவ்வளவு சுலபமாக விடாது. வெந்த பிறகு மேலே தூவும் உப்பால் இந்த வேலை நடக்காது. இந்தக் கணக்கில் நான்கு ரோல் வந்தால்கூட ஒரு ரோலின் கறிக்கு உப்பு ஒன்றே கால் கிராமுக்குள்தான் அடங்கும். மேலே சொன்ன பாக்கெட் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கறி மெத்தென்று இருக்கட்டும் என்று பச்சைப் பப்பாளி மட்டும் சேர்க்காதீர்கள். நான் ஒரு முறை இரண்டு ஸ்பூன் அரைத்துப் போட்டு விடிய விடிய வைத்துவிட்டேன். காலையில் கறி இல்லை, களிதான் இருந்தது.

தொடைக்கறியை எலும்போடு குக்கரில் வையுங்கள். பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம் போட்டால் போதும், தண்ணீர் அரை டம்ளருக்கு மேல் வேண்டாம். இளம் பறவைக்கு ஐந்து விசில். முற்றியது என்றால் எட்டுகூட ஆகும். எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று வரவேண்டும், அதுதான் பதம். ஆறியதும் உதிர்த்து, அடியில் நிற்கும் சாற்றைக் கறியிலேயே விட்டு, அகலச் சட்டியில் ஐந்து நிமிடம் வற்றவையுங்கள். சாறு கறியில் ஒட்டிக்கொள்ளும். சட்டியைச் சாய்த்தால் ஓடக் கூடாது.

நெஞ்சுக்கறி என்றால் விரல் கனத்துக்குப் பட்டையாக வெட்டி, காய்ந்த தோசைக்கல்லில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு, பக்கத்துக்கு நான்கு நிமிடம் மூடிச் சுடுங்கள். இறக்கி ஐந்து நிமிடம் தொடாமல் விட்டுவிட்டு, அப்புறம் நாரின் குறுக்கே சீவுங்கள். உணவு வெப்பமானி வைத்திருந்தால் தடித்த இடத்தில் 74 டிகிரி செல்சியஸ் காட்டவேண்டும். இல்லையென்றால் நடுவில் கீறிப் பாருங்கள். உள்ளே துளி இளஞ்சிவப்பு தெரிந்தாலும் திரும்பக் கல்லுக்குப் போகட்டும்.

சப்பாத்திக்கு வெந்நீர், ஒரு கரண்டி தயிர், ஒரு ஸ்பூன் எண்ணெய். மாவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்கவேண்டும். அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடிவையுங்கள். கல் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். சிறு தீயில் போட்டுப் புரட்டிக்கொண்டே இருந்தால் உள்ளிருக்கும் ஈரமெல்லாம் போய் அப்பளமாகும். நிறையப் பேர் செய்யும் தப்பு இதுதான். ஒரு ரோலுக்கு 50 கிராம் மாவு, தட்டளவு அகலம். கேழ்வரகோ கம்போ சேர்க்க ஆசையிருந்தால் கால் பங்கு வரை போதும். அவற்றில் கோதுமையின் இழுவை கிடையாது, சுருட்டும்போது விண்டுபோகும். முந்தின நாள் புரோட்டாவில் சுருட்டலாமா என்றால், ருசிக்குச் சுருட்டலாம். ஆனால் மைதாவும் எண்ணெயும் சேர்ந்த பிறகு அதை உடம்புக்கு நல்லது என்று என்னால் எழுதித் தரமுடியாது.

சப்பாத்தி ஊறாமல் இருக்க அதற்கும் காய்க்கும் நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். எனக்குப் பிடித்த வழி முட்டை. ஒரு முட்டையை அடித்துக் கல்லில் மெலிதாக ஊற்றி, அது இறுகுவதற்குள் சப்பாத்தியை மேலே போட்டு அழுத்திப் புரட்டிவிடுங்கள். அந்த முட்டைப் பக்கம் உள்ளே வருமாறு சுருட்டினால் ஈரம் சப்பாத்திக்கு எட்டாது. கூடவே 6 கிராம் புரதமும் கிடைக்கும், ஹாக்கிக்காரனுக்கு ஆகட்டும். முட்டை வேண்டாம் என்றால் துவையல் இருக்கிறது. காணத்தை (கொள்ளு) வறுத்து, வத்தல், பூண்டு, துளி புளி வைத்துக் கெட்டியாக அரைத்த துவையல் வான்கோழிக்கு அபாரமாகச் சேரும். மயோனைஸ் பாட்டிலைத் திறக்கும் எண்ணமே வராது. தேங்காய் சேர்க்காமல் அரையுங்கள், நம் வெயிலில் அது மதியத்துக்குள் திரிந்துவிடும். தயிர் பிடிக்கிற பிள்ளைகளுக்கு, தயிரைத் துணியில் கட்டி ஃபிரிட்ஜிலேயே ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டு, சொட்டிய பின் மிஞ்சும் கெட்டியை மிளகு போட்டுத் தடவலாம்.

காய்க்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளரிக்காயும் தக்காளியும் விதையை வழித்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். முட்டைகோஸ், கேரட் என்றால் மெலிதாகச் சீவி அப்படியே வைக்கலாம்.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விடமுடியாது. காலை ஏழரைக்குக் கட்டும் டப்பாவை மதியம் பன்னிரண்டரைக்குத் திறக்கிறார்கள். நடுவில் ஐந்து மணி நேரம். சமைத்த கறி 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருந்தால் கிருமி பெருகும். இரண்டு மணி நேரம் வரை பொறுக்கலாம், 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான். சித்திரை வைகாசியில் பாளையங்கோட்டை வகுப்பறை 32 டிகிரியில் நிற்குமா என்று உங்களுக்கே தெரியும். மஞ்சளும் மிளகும் போட்டிருக்கிறோமே என்றால், அந்த அளவு மஞ்சளால் கிருமியை அடக்க முடியாது. வெதுவெதுப்பாகக் கட்டிக் கொடுப்பதுதான் இருப்பதிலேயே மோசம்.

வழி இரண்டு. ஒன்று, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த கறியை ஆறிய சப்பாத்தியில் வைத்துச் சுருட்டி, உறையவைத்த தண்ணீர் பாட்டிலோடு குளிர் போகாத பையில் கொடுப்பது. பாட்டில் பையன் தாகத்துக்கும் ஆகும். இரண்டாவது, கறியை ஆவி பறக்கச் சூடாக்கி, வெந்நீர் ஊற்றிக் கொட்டிய சிறிய பிளாஸ்கில் தனியாகவும், சப்பாத்தியைத் தனியாகவும் கொடுத்து, அங்கே சுருட்டிச் சாப்பிடச் சொல்வது. மூத்தவன் இதைச் செய்வான். சின்னவருக்கு முதல் வழிதான் சரி.

சுருட்டிய ரோலைச் சூட்டோடு அலுமினியத் தாளில் இறுக்கினால் ஆவி நீர்த்துளியாகி அங்கேயே நிற்கும். சப்பாத்தி நன்றாக ஆறிய பிறகே சுருட்டி, தீயில் வாட்டிய வாழை இலையில் சுற்றுங்கள். பாபநாசத்துக்கோ மணிமுத்தாறுக்கோ கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போன ஊர்க்காரர்களுக்கு இலை வாட்டக் கற்றுத்தர வேண்டாம். வாட்டிய இலை கிழியாது, சப்பாத்தியின் ஓரம் காயவும் விடாது. அதன் மேல் ஒரு காகிதம் சுற்றி, டப்பாவில் நெருக்கமாக வையுங்கள்.

உங்கள் 20 நிமிடக் கணக்குக்கு வருகிறேன். சனி ராத்திரி கறியைப் பிசறுங்கள். ஞாயிறு குக்கரில் ஏற்றி, உதிர்த்து, ரோலுக்கு 70 கிராம் வீதம் சின்ன டப்பாக்களில் பிரித்துவிடுங்கள். சமைத்த கறி ஃபிரிட்ஜில் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு. அதற்கு மேல் வேண்டியதை அன்றைக்கே ஃப்ரீசரில் போடுங்கள், இரண்டு மாதம் தாராளமாக இருக்கும். முந்தின ராத்திரி கீழ்த்தட்டுக்கு இறக்கினால் காலையில் இளகியிருக்கும். மேடையில் வைத்து இளகவிடாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் எடுக்கும் நாள் தெரிந்தால் அந்த வாரக் கறி முழுவதும் ஃப்ரீசரிலேயே இருக்கட்டும். திறக்காத ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம்தான் குளிர் தாங்கும், மின்தடை அதைத் தாண்டுவது உண்டு. மாவும் ராத்திரியே பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்தால், காலையில் உங்களுக்கு மிஞ்சும் வேலை நான்கு சப்பாத்தி சுடுவதும் சுருட்டுவதும்தான். பதினைந்து நிமிடத்தில் முடியும்.

இப்படிச் செய்த ஒரு ரோலில், முட்டை இல்லாமல், ஏறத்தாழ 300 முதல் 350 கலோரியும் 25 கிராமுக்குக் குறையாத புரதமும் இருக்கும். சின்னவருக்கு ஒன்று போதும், ஒரு பழம் சேர்த்துக் கொடுங்கள். மூத்தவனுக்கு ஆட்டம் இருக்கும் நாளில் இரண்டு, அதில் ஒன்றாவது முட்டை ரோலாக இருக்கட்டும். தம்பியிடமிருந்து வான்கோழி வராத மாதத்தில் நாட்டுக்கோழித் தொடையை வைத்து இதே முறையில் செய்யலாம், விசிலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பிராய்லர் என்றால் இரண்டு விசில் போதும், அதற்கு மேல் போனால் குழைந்துவிடும்.