கலாபகோஸ் படகுக்கு முன்பணம் கட்டும் முன்

கேள்வி: நான் 63 வயதான ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கோயம்புத்தூரில் வசிக்கிறேன். நானும் என் மனைவியும் (வயது 58) பல ஆண்டுகளாகப் பறவை பார்த்து வருகிறோம். வரும் பிப்ரவரியில் ஈக்வடார் நாட்டைச் சேர்ந்த கலாபகோஸ் தீவுகளுக்குச் செல்ல விரும்புகிறோம். பயண முகவர் ஒருவர் 'எட்டு நாள் பயணம், 16 பேர் செல்லும் முதல் வகுப்புப் படகு அல்லது அதற்கு இணையானது' என்று எழுதி அனுப்பி, பாதித் தொகையை இரண்டு நாட்களுக்குள் கட்டினால் சலுகை உண்டு என்கிறார். அவர் அனுப்பிய படங்களில் அல்பட்ராஸ், பறக்காத நீர்க்காகம், சிவப்புக்கால் பூபி எல்லாமே இருக்கின்றன. என் மனைவிக்குக் கடல் பயணம் ஒத்துக்கொள்ளாது. 100 பேர் செல்லும் கப்பலில் போவதா, சிறிய படகில் போவதா?

பதில்: முதலில் பணத்தை நிறுத்தி வையுங்கள். சிறிய படகா, பெரிய கப்பலா என்ற உங்கள் கேள்விக்கு நான் பிறகு வருகிறேன். அதைவிட முக்கியமான ஒன்றை உங்கள் முகவர் சொல்லாமல் விட்டிருக்கிறார், அல்லது அவருக்கே அது தெரியாது.

நீங்கள் சொல்லும் மூன்று பறவைகளும் தீவுக்கூட்டத்தின் மூன்று மூலைகளில் இருப்பவை. பறக்காத நீர்க்காகம் மேற்குக் கோடியில், ஃபெர்னாண்டினா தீவிலும் அதற்கு எதிரே உள்ள இசபெலாவின் கரைகளிலும் மட்டுமே வாழ்கிறது. சிவப்புக்கால் பூபியைப் பெருங்கூட்டமாகப் பார்க்க வடகிழக்கில் தனித்துக் கிடக்கும் ஜெனோவேசாவுக்குச் செல்ல வேண்டும். அல்பட்ராஸ் கூடு கட்டுவது தென்கிழக்கு மூலையில் உள்ள எஸ்பன்யோலாவில். ஒரே வாரத்தில் இந்த மூன்று மூலைகளையும் தொட்டு வரும் படகை நான் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் தூரம் மட்டும் அல்ல, சட்டமும்தான். 2012 முதல் தேசியப் பூங்கா நிர்வாகம் ஒவ்வொரு படகுக்கும் 14 இரவுகள் கொண்ட ஒரு சுற்றை நிர்ணயித்துக் கொடுக்கிறது. அந்தச் சுற்றுக்குள் ஒரே பார்வையிடத்துக்கு இரண்டாம் முறை செல்லக்கூடாது. பயணிகளின் காலடி ஒரே இடத்தில் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கக்கூடாது என்பதே நோக்கம், மிக நல்ல விதி. ஆனால் இதன் விளைவாக ஒரே படகு முதல் வாரம் மேற்கே போகிறது, அடுத்த வாரம் தெற்கே அல்லது கிழக்கே போகிறது. படகின் பெயர் ஒன்று, கேபின் ஒன்று, விலையும் ஏறக்குறைய ஒன்று. நீங்கள் ஏறும் தேதியைப் பொறுத்துப் பார்க்கும் தீவுகள் முற்றிலும் வேறு. முகவர்களோ இரண்டு வாரப் படங்களையும் ஒரே விளம்பரத்தில் ஒட்டி அனுப்புகிறார்கள்.

இனி அல்பட்ராஸ். அங்கே கூடு கட்டுவது வேவ்டு அல்பட்ராஸ் என்ற இனம். உலகில் உள்ள அந்த இனப் பறவைகளில் ஏறக்குறைய எல்லாமே எஸ்பன்யோலாவில்தான் இனப்பெருக்கம் செய்கின்றன. மார்ச் இறுதியில் அல்லது ஏப்ரலில் வந்து, டிசம்பரில் குஞ்சுகளும் பறந்துவிட்ட பிறகு கடலுக்குப் போய்விடுகின்றன. பிப்ரவரியில் அந்தப் பாறைக் கரையில் நீங்கள் எத்தனை மணி நேரம் நின்றாலும் அவற்றைப் பார்க்க முடியாது. பிப்ரவரிப் பயணத்துக்கான விளம்பரத்தில் அல்பட்ராஸ் படத்தை வைத்திருப்பவர் அந்தத் தீவின் பருவத்தைப் படித்ததே இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

'அல்லது அதற்கு இணையானது' என்ற சொற்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே அதில் மாட்டியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு குழுவை மேற்கு வழித்தடத்துக்கென்று பணம் கட்டி அழைத்துச் சென்றேன். பால்ட்ரா விமான நிலையத்தில் எங்களுக்காகப் பிடித்திருந்த அட்டையில் வேறொரு படகின் பெயர் இருந்தது. அந்தப் படகு போனது தெற்கே. பறக்காத நீர்க்காகத்துக்காகவே பத்து ஆண்டுகள் சேமித்து வந்திருந்த ஓர் அம்மையார் அன்று மாலை படகின் மேல்தளத்தில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. ஊர் திரும்பி முகவரிடம் கேட்டபோது, ஒப்பந்தத்தில் 'இணையானது' என்றுதானே இருக்கிறது, கேபினும் அதே வகுப்புதானே என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. அந்தச் சொல் மெத்தைக்கும் குளியலறைக்கும் பொருந்தும், தீவுக்குப் பொருந்தாது. எனவே படகின் பெயர், ஏறும் தேதி, இறங்கும் தேதி, ஒவ்வொரு நாளும் காலையிலும் மாலையிலும் இறங்கும் இடத்தின் பெயர் ஆகியவை எழுத்தில் வந்த பிறகே முன்பணம் கட்டுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் வண்ணப் படம் எழுத்து ஆகாது.

இங்கே இன்னொரு கண்ணியும் உண்டு. எட்டு நாள் பயணம் என்றால் எட்டு நாளும் தீவில் இருப்பீர்கள் என்று எண்ணாதீர்கள். முதல் நாள் நீங்கள் ஈக்வடாரின் பெருநிலத்தில் உள்ள குயிட்டோவிலிருந்தோ குவாயாகிலிலிருந்தோ ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் கடலைத் தாண்டிப் பறந்து, நண்பகலை ஒட்டித்தான் படகில் ஏறுவீர்கள். கடைசி நாள் காலையிலேயே விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். மீதம் ஆறு முழு நாட்கள். ஐந்து நாள் பயணத்தில் மூன்று, நான்கு நாள் பயணத்தில் இரண்டு. சில சமயம் நான்கு நாள் பயணம் ஒன்றையும் ஐந்து நாள் பயணம் ஒன்றையும் ஒட்டவைத்து எட்டு நாள் என்று விற்பார்கள். அதில் நடுவில் ஒரு நாள் பழைய பயணிகளை இறக்கிப் புதியவர்களை ஏற்றுவதிலேயே பாதி கழியும். இடையில் ஆள் மாறுகிறார்களா என்று நேரடியாகக் கேளுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கலாபகோஸில் பயணிகள் கப்பலுக்கு உச்ச வரம்பே 100 பேர்தான். அதனால் அங்கே 'பெரிய கப்பல்' என்பது மற்ற கடல்களில் காணும் பெரிய கப்பல் அல்ல. பூங்கா விதிப்படி 16 பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி இருக்க வேண்டும். வழிகாட்டி இல்லாமல் பார்வையிடத்தில் கால் வைக்க முடியாது. 16 பேர் படகில் எல்லோரும் ஒரே குழுவாக ஒரே நேரத்தில் இறங்கிவிடலாம். 100 பேர் கப்பலில் குழு குழுவாகப் பிரித்து, வரிசை வைத்து இறக்குவார்கள். பறவை பார்ப்பவருக்கு விடிந்த பிறகான முதல் ஒரு மணி நேரம் எவ்வளவு அருமையானது என்பது உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் கப்பலின் முகப்பில் உங்கள் குழுவின் எண்ணை அழைப்பதற்காகக் காத்திருப்பது வீண்.

பெரிய கப்பல் குறைவாக ஆடும் என்பது உண்மைதான். ஆனால் கப்பல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கரைக்குச் செல்வது பாங்கா என்று அங்கே அழைக்கும் சிறிய ரப்பர் படகில்தான். பாதி இடங்களில் பாறையின் மீது கால் வைத்து ஏற வேண்டும். மற்ற இடங்களில் முழங்கால் அளவு நீரில் இறங்கி மணலுக்கு நடக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் மாலுமியின் கையைப் பிடிக்கக்கூடாது. அவர் உங்கள் முன்கையைப் பிடிப்பார், நீங்கள் அவர் முன்கையைப் பிடிக்க வேண்டும். உள்ளங்கை ஈரத்தில் வழுக்கும், முன்கை வழுக்காது. முதல் நாளே இதைச் சொல்லித் தருவார்கள், ஆனால் உங்கள் மனைவி ஊரிலேயே இதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி அச்சம் குறைந்துவிடும்.

உங்களுக்கு நான் சொல்வது 16 பேர் செல்லும் கட்டமரான் வகைப் படகு, அதாவது இரட்டை அடிப்பாகம் உள்ளது. பக்கவாட்டு ஆட்டம் அதில் குறைவு. கீழ்த்தளத்தில், படகின் நீளத்துக்கு நடுவே உள்ள கேபினைக் கேளுங்கள். மேல்தளத்தில் பால்கனியுடன் உள்ள கேபினுக்கு அதிக விலை சொல்வார்கள்; ஆட்டமும் அங்கேதான் அதிகம். இரவில் படுத்திருக்கும்போதுதான் படகு நெடுந்தூரம் ஓடும், பகலில் நங்கூரம் போட்டு நிற்கும். குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, படகு புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு அது பெரிதாக உதவாது. நீங்கள் தேர்ந்திருக்கும் பிப்ரவரி நல்ல மாதம். ஆகஸ்ட், செப்டம்பரோடு ஒப்பிட்டால் கடல் மிக அமைதியாக இருக்கும், நீரும் இதமாக இருக்கும்.

கடல் ஒத்துக்கொள்ளாதவர்களிடம் சில முகவர்கள், "படகே வேண்டாம், தீவில் விடுதியில் தங்கி ஒவ்வொரு தீவாகப் போய் வாருங்கள்" என்று சொல்வார்கள். தயவுசெய்து இதை நம்பிவிடாதீர்கள். தீவுக்குத் தீவு மக்களை ஏற்றிச் செல்லும் விரைவுப் படகுகள் அலைமீது ஏறி ஏறி விழுந்து இரண்டு மணி நேரம் ஓடும். வாரம் முழுவதும் பெரிய படகில் வாந்தி எடுக்காதவர்கள் அந்த இரண்டு மணி நேரத்தில் எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

செலவுக் கணக்கிலும் ஒரு சொல். 'எல்லாம் உட்பட' என்ற விலையில் பெரும்பாலும் பூங்கா நுழைவுக் கட்டணம் இருக்காது. 2024 ஆகஸ்ட் 1 முதல் அது வெளிநாட்டுப் பயணிகளில் வயது வந்தவருக்கு 200 டாலர். அதற்கு முன் 100 ஆக இருந்தது. இதற்கு மேல் பயணக் கட்டுப்பாட்டு அட்டைக்கு 20 டாலர். உள்நாட்டு விமானக் கட்டணம், குளிர்ந்த நீருக்கான நீச்சல் உடை (வெட்சூட்) வாடகை, படகுப் பணியாளருக்கான அன்பளிப்பு எல்லாம் வெளியே. ஈக்வடாரின் நாணயமே அமெரிக்க டாலர்தான். பணத்தைத் தாளாகக் கையில் வைத்திருங்கள்.

இப்போது, எந்த முகவரும் உங்களிடம் சொல்லாத ஒன்று. உங்கள் வயதுக்கு இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பதால் பொறுமையாகப் படியுங்கள். கலாபகோஸில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. குயிட்டோவுக்கும் குவாயாகில் நகருக்கும் கலாபகோஸுக்கும் மட்டும் செல்பவருக்கு அந்தத் தடுப்பூசி தேவை என்று பயண மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வதில்லை. நோய் அபாயம் ஆண்டிஸ் மலைக்குக் கிழக்கே அமேசான் பக்கம்தான். ஆனால் இந்திய அரசின் பட்டியல் ஈக்வடாரை முழு நாடாகவே மஞ்சள் காய்ச்சல் நாடு என்று கொள்கிறது. அங்கிருந்து புறப்பட்டு ஆறு நாட்களுக்குள் இந்தியாவில் வந்திறங்குபவரிடம் தடுப்பூசிச் சான்று இல்லையென்றால், அவரைத் தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. 'நாங்கள் தீவுக்கு மட்டுமே போனோம்' என்ற விளக்கத்தை அந்த மேசையில் யாரும் கேட்பதில்லை. நாட்டின் பெயரைப் பார்க்கும் பட்டியல், நாட்டுக்குள் எந்த இடம் என்று பார்க்காது. இத்தனை ஆண்டுகளாகியும் இதைத் திருத்த யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அப்படியானால் ஊசியைப் போட்டுக்கொண்டுவிடலாமே என்று நினைப்பீர்கள். உங்கள் மனைவிக்கு, வேறு உடல்நலக் குறை இல்லையென்றால், பொதுவாகப் பெரிய சிக்கல் இல்லை. உங்களுக்கு வயது 63. இது உயிருள்ள, ஆனால் வலுவிழந்த வைரஸைக் கொண்ட ஊசி. 60 வயதைக் கடந்த பிறகு முதன்முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்க விளைவு ஏற்படும் வாய்ப்பு, அரிதுதான் என்றாலும், இளையவர்களைவிட அதிகம். அதனால் ஊசி மையத்துக்கு நேராகப் போகாமல், முதலில் உங்கள் மருத்துவரிடம் உங்கள் மருந்துச் சீட்டுகளோடு சென்று ஆலோசியுங்கள். அவர் சம்மதித்தால் சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் ஊசி போடுகிறார்கள்; சான்று ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுதும் செல்லும். அவர் வேண்டாம் என்றால், திரும்பும் வழியில் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இல்லாத ஒரு நாட்டில் ஆறு நாட்களுக்கு மேல் தங்கிவிட்டு வருவது ஒரு வழி. அதைத் தேர்ந்தால் இந்தியாவில் நீங்கள் இறங்கப்போகும் விமான நிலையத்தின் சுகாதார அலுவலகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, பதிலைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். படகுக்குப் பணம் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்துப் பதறியவர்கள் என்னிடம் பலமுறை வந்திருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் முகவர் பணத்தைத் திருப்பித் தருவதில்லை.

விமானம் அமெரிக்கா வழியாகப் போனால், நீங்கள் விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கடைசியாக, எந்த வழித்தடம்? பிப்ரவரியில்தான் போக முடியும் என்றால் அல்பட்ராஸை மறந்துவிட்டு மேற்கு வழித்தடத்தைக் கேளுங்கள். ஃபெர்னாண்டினாவில் எஸ்பினோசா முனையில் இறங்கினால் கறுத்த எரிமலைப் பாறை முழுவதும் கடல் இகுவானா என்ற பெரிய பல்லிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். அவற்றைத் தாண்டிப் பாறை விளிம்புக்குப் போனால், நீரிலிருந்து ஏறி வந்த நீர்க்காகம் கந்தலாய்ப் போன குட்டைச் சிறகுகளை விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருக்கும். இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அந்தப் பறவை உங்களைப் பொருட்படுத்தாது. பெங்குவின்களும் அந்தப் பக்கம்தான் அதிகம். ஆனால் அல்பட்ராஸ்தான் உங்கள் நெடுநாள் கனவு என்றால் பயணத்தை மே மாதத்துக்குத் தள்ளி, எஸ்பன்யோலாவில் சுவாரெஸ் முனையில் இறங்கும் வாரத்தைக் கேளுங்கள். மே மாதத்தில் அவை முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருக்கும். ஜோடி சேரும் நடனத்தையும் அங்கங்கே காணலாம், கடலும் இன்னும் முரடாகியிருக்காது. இந்த இரண்டில் ஒன்றை நீங்களும் உங்கள் மனைவியும் முடிவு செய்துகொண்டு, தேதியையும் இறங்கும் இடங்களையும் கேட்டு முகவருக்கு இன்றே எழுதுங்கள். அவர் படகின் பெயரைச் சொல்லாமல் மீண்டும் சலுகையைப் பற்றியே பேசினால் வேறு முகவரைப் பாருங்கள்.