ஊர்ச் சுகாதாரப் பணிக்கான பணம் எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது?

பொது சுகாதார நிதி பற்றி வாசகர்கள் கேட்டிருந்தவற்றுள் ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றுசேர்த்து, ஆறு கேள்விகளாக இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பொது சுகாதாரம் மாநில அரசின் பொறுப்பு என்றால், எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கான பணத்துக்கு டெல்லியின் ஒப்புதல் எதற்கு?

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 6-ஆவது இனமாகப் பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் இடம்பெற்றுள்ளன. மருத்துவர், செவிலியர் சம்பளத்திலிருந்து கட்டடம் வரை பெரும்பகுதிச் செலவை மாநில அரசே தன் பட்ஜெட்டிலிருந்து ஏற்கிறது. ஆனால், அதிக வருவாய் தரும் வரிகள் பலவும் ஒன்றிய அரசிடம் இருப்பதால், தனித் திட்டங்களின் வழியாகவும் பணம் கீழே வருகிறது. அவற்றுள் பெரியது, 2005 ஏப்ரல் 12-ஆம் தேதி ஊரகப் பகுதிகளுக்காகத் தொடங்கி, 2013-இல் நகரங்களையும் சேர்த்துக்கொண்ட தேசிய சுகாதார இயக்கம். இதில் ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் தருகின்றன; வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் இந்த விகிதம் 90-க்கு 10.

மாவட்டங்கள் அனுப்பும் கோரிக்கைகளை மாநிலம் ஒரே திட்டமாகத் தொகுத்து அனுப்புகிறது. டெல்லியில் அதை இனம் இனமாகப் பரிசீலித்து ஒப்புதல் தருகிறார்கள். மாவட்டத்தின் கோரிக்கையில் இடம்பெறாத தேவை, எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அந்த ஆண்டு இந்த வழியில் நிறைவேறுவது கடினம். எனவே, இந்த இயக்கத்தை மாவட்டத்தில் நடத்தும் மாவட்ட நலவாழ்வுச் சங்கம் திட்டம் தயாரிக்கும் காலத்திலேயே உங்கள் ஊரின் தேவையை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வருகிறார்கள். காய்ச்சல் குறைந்ததும் அவர்களை நிறுத்திவிடுகிறார்கள். பணம் இல்லை என்பது உண்மையா?

பல இடங்களில் உண்மைதான். ஆனால் கொசுவின் வாழ்க்கையை அறிந்த எவரும் இந்த ஏற்பாட்டை ஏற்க முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடுகிறது. தண்ணீர் வற்றிவிட்டாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் மழைநீர் பட்டதும் பொரிந்து, ஏறக்குறைய பத்தே நாளில் கொசுவாகப் பறக்கும். கோடையில் காய்ந்து கிடக்கும் சிமென்ட் தொட்டியையும், கொல்லையில் கிடக்கும் டயரையும், பயன்படுத்தாத ஆட்டுரலையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவைக்கும் பணியாளர்தான் ஐப்பசி மாதத்துக் காய்ச்சலைத் தடுக்கிறார். காய்ச்சல் வந்த பிறகு அடிக்கும் புகை கண்ணுக்குத் தெரிகிறது. கோடையில் கழுவிய தொட்டி யார் கண்ணிலும் படுவதில்லை. பணம் ஒதுக்குகிறவர்களின் கண்ணும் புகையின் பக்கமே போகிறது என்பது என் நெடுநாள் வருத்தம்.

இந்தப் பணியாளர்களைப் பெரும்பாலும் உள்ளாட்சி அமைப்புகளே தினக்கூலிக்கு எடுக்கின்றன. சொந்த வருவாய் குறைந்த பேரூராட்சியும் ஊராட்சியும், கூலி கொடுக்க வழியில்லாதபோது முதலில் கைவைப்பது இவர்களின் எண்ணிக்கையில்தான். ஒப்புதலும் தவணையும் தாமதமாகி, மாநிலத்திலிருந்து வர வேண்டிய தொகையும் பருவமழை முடிந்த பிறகு வந்து சேருமானால், அதே தொகை அதே தலைப்பில் செலவாகியும் அந்த ஆண்டின் நோய்த்தடுப்புக்கு உதவாமல் போகிறது. சட்டத்தில் இதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம், அரசு மானியம் நீங்கலான வருவாயில் 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் பொது சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று நகராட்சிகளுக்கு விதித்தது. குடிநீரும் வடிகாலும் அந்த ஒதுக்கீட்டில் அடங்கும். மருத்துவச் சிகிச்சைச் செலவை அதில் காட்டக் கூடாது. தடுப்புக்கான பணத்தைச் சிகிச்சை விழுங்கிவிடக் கூடாது என்று அன்றே எண்ணியிருக்கிறார்கள். உங்கள் நகராட்சியின் பட்ஜெட் கூட்டத்துக்கு முன்பு வார்டு உறுப்பினரிடம் இந்த ஒதுக்கீட்டைப் பற்றிக் கேளுங்கள்.

கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்கிறார்கள். அதை வைத்து என்ன செய்ய முடியும்?

தொகை சிறியதுதான், ஆனால் எந்தத் தலைப்பிலும் கட்டிவைக்கப்படாத பணம் என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. குடிநீர்த் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் வாங்கலாம், தேங்கிய நீரை வெளியேற்ற ஆள் வைக்கலாம், அவசரத்துக்கு ஓர் ஏழை நோயாளியை வண்டியில் அனுப்பலாம். வேறு துறையில் ஏற்கெனவே நிதி உள்ள வேலைக்கு இதைச் செலவிடக் கூடாது என்பது பொதுவான விதி.

இதே போன்ற கட்டில்லா நிதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உண்டு. அதன் அருமை தெரிய வேண்டுமானால் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியைப் பாருங்கள். அதன் மேல் தொங்கும் அட்டையில், காலையும் மாலையும் வெப்பநிலையைச் செவிலியர் குறிப்பார். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மின்னழுத்தச் சீராக்கி பழுதானால், மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கும் நாள்களில் உள்ளிருக்கும் தடுப்பூசிகள் கெட்டுப்போகும். கையில் கட்டில்லா நிதி இருந்தால் அன்று மாலைக்குள் சரிசெய்துவிடலாம். தணிக்கையில் கேள்வி வரும் என்று அஞ்சி, மார்ச் வரை இந்தப் பணத்தைத் தொடாமலே வைத்திருக்கும் பொறுப்பாளர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் மேல் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. எதற்குச் செலவிடலாம் என்பதை மேலதிகாரிகள் ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தால் அந்த அச்சம் வந்திராது.

நிதிக்குழு தரும் சுகாதார மானியம் என்பது வேறா?

வேறுதான். ஒன்றிய அரசின் வரி வருவாயை மாநிலங்களோடு எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைக்கும் அமைப்பே நிதிக்குழு. என்.கே. சிங் தலைமையிலான 15-ஆவது நிதிக்குழு, 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு, உள்ளாட்சி அமைப்புகள் வழியாகச் சுகாதாரத்துக்கு 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. கட்டடமில்லாத துணை சுகாதார நிலையங்கள், வட்டார அளவிலான பொது சுகாதார அலகுகள், பரிசோதனை வசதி, நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் போன்றவற்றுக்கானது அது. உள்ளாட்சியின் பெயரில் வந்தாலும் மன்றம் விரும்பியபடி செலவிடக்கூடிய தொகை அல்ல.

ஐந்து லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு இருக்கும்போது இதற்கெல்லாம் தனியாக ஏன் செலவு?

காப்பீடு, நோயாளியாக மருத்துவமனையில் சேர்ந்த பிறகு வேலை செய்கிறது. குடிநீரில் குளோரின் அளவைச் சோதிப்பதும், தடுப்பூசி விடுபட்ட குழந்தையைத் தேடிப் போவதும், காசநோயாளி மாத்திரையை இடையில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதில் அடங்கா. இவற்றில் எந்தத் தனியாருக்கும் வருமானம் இல்லை. அரசு செய்யாவிட்டால் செய்ய ஆளில்லை.

அரசின் சுகாதாரச் செலவு உயர்ந்துவிட்டது என்ற புள்ளிவிவரத்தை நம்பலாமா? எங்கள் ஊர்க் கணக்கை நாங்களே பார்க்க வழி உண்டா?

நம்பலாம், சற்றுக் கவனத்தோடு. தேசிய சுகாதாரக் கணக்கின்படி, அரசின் சுகாதாரச் செலவு 2014-15-இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.13 விழுக்காடாக இருந்து, 2021-22-இல் 1.84 விழுக்காடாக உயர்ந்தது. மக்கள் தம் கையிலிருந்து செய்யும் செலவின் பங்கும் 62.6-லிருந்து 39.4 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் 2021-22 கொரோனா காலத்து ஆண்டு. 2017-ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கை 2025-க்குள் எட்ட வேண்டும் என்று வகுத்த இலக்கோ 2.5 விழுக்காடு. மேலும், இந்த மொத்தத்தில் பெரிய மருத்துவமனைச் செலவும் காப்பீட்டுச் செலவும் அடக்கம் என்பதால், தடுப்புப் பணிக்கான பங்கு அதே அளவில் உயர்ந்தது என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

ஊர்க் கணக்குக்கு முதலில் கிராம சபையை நாடுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள்கள் அதற்கென உள்ளன. மழைக்கு முந்தைய ஆகஸ்ட் கூட்டத்தில் கேட்பது மிகுந்த பயன் தரும். அங்கே விடை கிடைக்காவிட்டால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். எவ்வளவு வந்தது என்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு தவணையும் வந்த தேதியையும் அது செலவான தேதியையும் தனித்தனியே கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.