திருமலைக்கு வாறீங்களா? கேளுங்கள், சொல்கிறேன்

விடுமுறை நெருங்கினால் போதும், "ஊர்ப்பக்கம் வருகிறோம், என்ன பார்க்கலாம், எங்கே தங்கலாம்" என்று ஒவ்வொருவராகக் கேட்பார்கள், நானும் ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்ப அதையே எழுதுவேன். அதனால் இந்தமுறை எல்லோரையும் ஒன்றாகக் கேட்கச் சொன்னேன். நான் திருகோணமலை டவுனில், நாங்கள் சுருக்கமாகத் திருமலை என்கிற ஊரில், உவர்மலையில் வளர்ந்தவன், பதினைந்து வருடமாக வான் ஓட்டுகிறேன், வருகிற ஆட்களை இந்த மாவட்டம் முழுக்கக் கூட்டித் திரிந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொழும்பிலிருந்து: அண்ணா, சனி விடிய வந்து அன்றைக்கே இரவு திரும்பினால் திருகோணமலையைப் பார்த்து முடிக்கலாமா?

கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடற்கரை என்று மூன்றையும் ஒரே பகலில் ஓடி முடிக்கலாம் தம்பி, முடித்தவர்களை நானே ஏற்றியிருக்கிறேன். பன்னிரண்டு மணி வெயிலில் கோணேசர் மலை ஏறி, இரண்டு மணிக்கு நிலாவெளி மணலில் கால் சுட்டு, நாலு மணிக்கு வானுக்குள் ஏசியைக் கூட்டச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு நித்திரை ஆகிவிடுவார்கள். எங்கள் ஊரில் எங்கே போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். விடியக் கடல், மத்தியானம் சாப்பாடும் ஒரு சின்ன நித்திரையும், பின்னேரம் கோயில். இப்படி வைத்துக்கொண்டால் குறைந்தது இரண்டு இரவு வேண்டும். வெள்ளி இரவு கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து ரயில் ஏறினால் விடிய இங்கே இறங்கலாம், சீட்டை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். பஸ் என்றால் ஹபரணை, கந்தளாய் வழியாக ஆறேழு மணி நேரம். சொந்த வாகனம் என்றால் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் இரவில் வேகமாக ஓடவேண்டாம், யானை ரோட்டுக்கு வரும். வந்தால் ஹோர்ன் அடிக்காமல் தூரத்திலேயே நிறுத்திவிட்டு அது போகும்வரை பொறுத்திருங்கள்.

சென்னையிலிருந்து: டிசம்பர் கடைசியில் பிள்ளைகளுக்கு லீவு. அப்போது வரலாமா? எந்த வழி நல்லது?

உண்மையைச் சொல்கிறேன், கடலுக்காக வருவதென்றால் டிசம்பர் வேண்டாம். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை எங்களுக்கு மாரி, வடகீழ்ப் பருவமழை நேராக இந்தக் கரையில்தான் இறங்கும். அலை கரையை அறுத்துக்கொண்டு போகும், நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாத்தீவுக்குப் படகு விடமாட்டார்கள். இலங்கை என்றால் டிசம்பர்தான் சீசன் என்று பொதுவாகச் சொல்வது காலி, ஹிக்கடுவை பக்கத்துக்குப் பொருந்தும், கிழக்குக் கரைக்கு அப்படியே தலைகீழ். இங்கே ஏப்ரல் முடிந்து செப்டெம்பர் வரை கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஆனால் ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும், மேற்கிலிருந்து வருகிற வறண்ட காற்று, உதடு வெடித்துவிடும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கவேண்டும். உங்கள் கோடை விடுமுறையில், மே மாதம் வாருங்கள்.

வழி: சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறது, அங்கிருந்து வவுனியா வழியாகப் பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம். கொழும்பில் இறங்கினாலும் கிட்டத்தட்ட அதே பயணம்தான். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 ஒக்டோபரில் கப்பல் தொடங்கினார்கள், ஆனால் அது வானிலையைப் பார்த்து நிற்கும், போகும். திரும்புகிற நாளை இறுக்கி வைத்திருப்பவர்கள் அதை நம்பி வரவேண்டாம். விசா விதி அடிக்கடி மாறுகிறது, புறப்பட முன் அரசாங்க இணையதளத்தில் ஒருதரம் பாருங்கள்.

ரொறன்ரோவிலிருந்து: அப்பா போன வருடம் இங்கே தவறிவிட்டார். அம்மாவுக்கு 78 வயது, கன்னியாவில் கிரியை செய்து கோணேசரையும் ஒருமுறை கும்பிட வேண்டும் என்கிறா. முழங்கால் வருத்தம். முடியுமா தம்பி?

முடியும் அக்கா. அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கன்னியா டவுனிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் அளவில். மேடு பள்ளம் அதிகம் இல்லை. கட்டுச் சுவர் வைத்த ஏழு சின்னக் கிணறுகள், பக்கத்தில் பக்கத்தில். ஆழம் நாலடிகூட வராது, எட்டிப் பார்த்தால் அடி தெரியும். வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவதுதான் முறை. ஒரு கிணறு இளஞ்சூடு, அடுத்தது ஊற்றினவுடன் மூச்சு ஒருதரம் நின்று வரும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் நிலத்தில் குத்தினபோது வந்த தண்ணீர் என்று சொல்வார்கள், அதனால்தான் எங்கள் பக்கத்துச் சனம் செத்தவர்களுக்கான காரியத்தை அங்கே செய்துவருகிறது. இடம் இப்போது தொல்பொருள் திணைக்களத்தின் கையில் இருக்கிறது, ரிக்கெட் எடுத்துத்தான் உள்ளே போகவேண்டும். ஐயரோடு முன்கூட்டியே கதைத்து எந்த இடத்தில் இருந்து செய்வது என்று கேட்டுவையுங்கள், அங்கே வந்து நின்றுகொண்டு அலையக் கூடாது. வெள்ளணப் போங்கள், பத்து மணிக்குப் பிறகு சுற்றுலா பஸ்கள் வந்து வாளிக்குச் சண்டை பிடிக்கிற மாதிரி ஆகிவிடும். முதல் இரண்டு வாளியை இளஞ்சூட்டுக் கிணற்றிலிருந்து அம்மாவுக்கு நீங்களே ஊற்றுங்கள். சவர்க்காரம் போடக்கூடாது.

கோணேசர் கோயில் பிரட்றிக் கோட்டைக்குள் இருக்கிறது. கோட்டை வாசலிலிருந்து நடந்தால் ஏற்றம், அம்மாவுக்குச் சரிவராது. சாதாரண நாட்களில் ஓட்டோவில் மேலே கிட்டப் போகலாம், திருவிழா நாட்களில் வாகனத்தை மறித்துவிடுவார்கள், அதனால் பங்குனித் திருவிழாவைத் தவிர்த்து வாருங்கள். ஏறும்போது கோட்டை வாசலில் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லி, வாசல் கல்லைப் பாருங்கள், இரண்டு மீன் செதுக்கியிருக்கும், பக்கத்தில் உடைந்த தமிழ் எழுத்து, இந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்கிற அரசன் குளக்கோட்டன் பேர் வருகிற கல்வெட்டு. 1622-இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லாலேயே கோட்டையைக் கட்டினார்கள். கோயிலுக்குப் போகிற எல்லோரும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் போகிறோம், பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அது மனவருத்தம். சம்பந்தர் பாடின கோயிலில் மிஞ்சிய துண்டு அது. 1950-இல் கிணறு வெட்டும்போது பழைய செப்புச் சிலைகள் வெளியே வந்தன, 1956-இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரோடு சுழியோடிய மைக் வில்சனும் மலைக்குக் கீழே கடலுக்குள் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். இப்போதிருக்கிற கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963-இல். உங்கள் அம்மா சின்ன வயதில் இந்தப் பக்கம் இருந்திருந்தால் அந்தக் கும்பாபிஷேகம் அவவுக்கு நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

கண்டியிலிருந்து: நிலாவெளியில் கடலுக்குள் சூரியன் இறங்குவதைப் படம் எடுக்க ஆசை. எந்த இடத்தில் நிற்க?

எந்த இடத்தில் நின்றாலும் கிடைக்காது, இது கிழக்குக் கரை. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சூரியன் கடலிலிருந்து எழும்பும், அதற்கு ஐந்தரைக்கே மணலில் இருக்கவேண்டும். தண்ணீர்மேல் அந்தி வேண்டும் என்றால் டவுனுக்கு வந்து உட்துறைமுகப் பக்கம் நில்லுங்கள். ஊர் ஒரு கழுத்து மாதிரிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் ஒரு பக்கம் விடியலும் மறுபக்கம் அந்தியும் கிடைக்கும். துறைமுகத் தண்ணீர் செம்பு நிறத்துக்கு மாறும், எதிரே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுக்கும். நான் ஹயர் முடித்து அடிக்கடி அங்கே வானை நிறுத்திவிட்டு பால் போடாத ஒரு பிளேன்ரீ குடிப்பேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து: புறாத்தீவுக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? சுறா இருக்கிறதாமே?

சுறா இருக்கிறது, செட்டை நுனி கறுப்பாக இருக்கும், ஆட்களைக் கண்டால் அதுவே ஒதுங்கிப் போகும். பயப்பட வேண்டியது வெயிலுக்கும் காற்றுக்கும். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான், வனஜீவராசிகள் திணைக்களத்தின் கவுண்டரில் ரிக்கெட் எடுத்துப் படகு ஏறவேண்டும். ஏழு, எட்டு மணிக்கே போய்விடுங்கள். ஒருமுறை என்னோடு வந்த குடும்பம் காலைச் சாப்பாட்டை இழுத்தடித்து பதினொன்றுக்குப் படகு ஏறியது, திரும்பும்போது காற்று எழும்பி, சின்னவன் வழி முழுக்கச் சத்தி எடுத்தான். நான்தான் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லியிருக்கவேண்டும், அன்றிலிருந்து பத்துக்குப் பிறகு நான் யாரையும் அங்கே கூட்டிப்போவதில்லை. பிள்ளைகளின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று ஏற முன் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். தண்ணீருக்குள் முருகைக்கல்லின்மேல் கால் வைக்காதீர்கள். கல் என்று பேர், ஆனால் உயிர். கரையில் நடக்கும்போது காலடியில் வெள்ளை வெள்ளையாக நொறுங்குவதெல்லாம் செத்த முருகைக்கல். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தத் தீவைப் பீரங்கிச் சூட்டுப் பயிற்சிக்கு வைத்திருந்தான், அதையும் தாங்கிப் பிழைத்த இடம், 2003-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். எங்கள் செருப்புக் காலுக்கு அது அழியக்கூடாது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றாலே மீன் சுற்றி வரும், பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

மதுரையிலிருந்து: திமிங்கிலம் கரைக்குக் கிட்ட வரும் என்பது உண்மையா?

உண்மை. ஊரை ஒட்டியிருக்கிற கொட்டியாரக் குடாவிலிருந்து கடலுக்கு அடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு தொடங்கி ஆழக்கடலுக்கு இறங்குகிறது, அதனால் கரைக்குக் கிட்டவே ஆழம். நீலத் திமிங்கிலம் நடுக்கடலுக்குப் போகாமலே இங்கே வந்துவிடும். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் கோணேசர் மலையில் நின்றே தண்ணீர் பீச்சுவதைக் காணலாம், நான் கண்டிருக்கிறேன். படகில் போனால் துரத்த வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாலைந்து படகு சேர்ந்து வளைத்தால் அது தண்ணீருக்குள் தாண்டுவிடும், பிறகு வராது.

லண்டனிலிருந்து: சாப்பாடு?

மீன். காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் எந்தச் சின்னச் சாப்பாட்டுக்கடையிலும் அன்றைக்கு என்ன வந்தது என்று கேட்டுச் சாப்பிடுங்கள், பாரையும் விளைமீனும் கணவாயும் கிடைக்கும். ஒருநாள் கிண்ணியாப் பக்கம் போய் எருமைத் தயிர் வாங்குங்கள். மண்சட்டியில், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர், மேலே மஞ்சள் ஆடை. கித்துள் பாணி, அதாவது கூந்தற்பனைப் பாகு ஊற்றி, கரண்டியால் வெட்டி எடுத்துச் சாப்பிடவேண்டும். போகிற வழியில் கிண்ணியாப் பாலம் வரும், 2009-இல் திறந்தது, அதற்கு முன் அந்தத் துறையைப் படகுப் பாதையில் கடந்தோம்.

மட்டக்களப்பிலிருந்து: டவுனில் தங்கவா, கடற்கரையில் தங்கவா? படம் எடுக்கத் தடை உண்டா?

கோயிலும் கடைத்தெருவும் முக்கியம் என்றால் டவுன். நடந்துபோய்க் குளிக்க வேண்டும் என்றால் உப்புவெளி. ஆள் அரவம் குறைவாக வேண்டும் என்றால் நிலாவெளி. ஜூலை, ஆகஸ்டில் விலை ஏறும். ஓட்டோவுக்கு ஏற முன்னமே விலை பேசுங்கள். கோட்டைக்குள் இராணுவமும் துறைமுகத்தில் கடற்படையும் இருப்பதால் காவல் அரண்களைப் படம் எடுக்காதீர்கள், அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடாதீர்கள். அப்புறம், கோட்டை மான்களுக்குப் பிஸ்கட் கொடுக்காதீர்கள். பை வாசனை பழகி அதுகள் பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன.

கோயம்புத்தூரிலிருந்து: அண்ணா, எனக்கு இடம் பார்க்க ஆசை இல்லை. நாலு நாள் சத்தமில்லாமல் இருக்கவேண்டும். என்ன செய்யலாம்?

உங்களுக்குத்தான் இந்த ஊர் சரி. உப்புவெளியில் ஒரு ரூம் எடுங்கள். விடிய எழும்பிக் கரையில் நடந்தால் கரைவலை இழுக்கிறவர்களைக் காணலாம். வலையைக் கடலில் வளைத்து விட்டுவிட்டு, இரண்டு அந்தத்துக் கயிற்றையும் இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள். கயிறு அங்குலம் அங்குலமாகத்தான் வரும், ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். வலையின் மடி கரைக்குக் கிட்ட வரும்போது தண்ணீர் முதலில் கொதிக்கிற மாதிரி ஆகும், பிறகு வெள்ளி, சூடையும் நெத்தலியும் துள்ளும், காகம் இறங்கும். பார்த்துக்கொண்டு நிற்காமல் கயிற்றைப் பிடிக்கலாமா என்று கேளுங்கள், மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். உள்ளங்கை இரண்டு நாளைக்கு எரியும். போகும்போது ஒரு பையில் கொஞ்ச மீன் தருவார்கள், மறுக்கக்கூடாது, தங்குகிற இடத்துக் குசினியில் கொடுத்தால் மத்தியானத்துக்குப் பொரித்துத் தருவார்கள்.