இன்ஜின் வேலைக்குப் பிறகு செல்ஃப் இழுக்கவில்லை: யார் மேல் வழக்கு?

கேள்வி: என்னிடம் 1972-ஆம் வருட அம்பாசடர் இருக்கிறது. சொந்த உபயோகம்தான். ஒர்க்‌ஷாப்பில் விட்டு ரீபோர் செய்து (சிலிண்டர் துளைகளைக் கடைந்து), கிராங்க் ஷாஃப்ட்டை அரைத்து, புது பிஸ்டன், ரிங், பேரிங் போட்டேன். மொத்தம் 85,000 ரூபாய். 60,000 கொடுத்துவிட்டேன். வண்டி வந்த நாள் முதல், இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டார் முக்கி முக்கித்தான் சுற்றுகிறது. இன்ஜின் சூடானால் நின்றே விடுகிறது. "பழைய செல்ஃப், எங்கள் பொறுப்பில்லை, பாக்கியைக் கொடுங்கள்" என்கிறார்கள். வேறு மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார். துண்டுச் சீட்டு பில்லும் வாட்ஸ்அப் பேச்சும் மட்டுமே கையில் உள்ளன. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் இன்ஜினை இப்போது பிரிக்காதீர்கள். வேறு கை பட்டுவிட்டால், "அவர்தான் கெடுத்தார்" என்ற ஒரே பதிலில் உங்கள் வழக்கு ஆட்டம் கண்டுவிடும். சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

யார் பொறுப்பு என்பதைப் பெரும்பாலும் பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்கட்டும். வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி பிளக்குக்குத் தீப்பொறி தரும் காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு ஐந்து வினாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலும் மறுமுனை இன்ஜின் பிளாக்கின் வெறும் இரும்பிலும் இருக்க வேண்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) சரியில்லை. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், எர்த் பட்டை வழியாகத்தான் கரண்ட் திரும்ப வேண்டும். புதிதாக அடித்த பெயிண்ட் மேலேயே அந்தப் பட்டையை முடுக்கிவிடுவது இன்ஜின் வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை. பாசிட்டிவ் பக்கம், பேட்டரி முதல் செல்ஃப் டெர்மினல் வரை 0.5 வோல்ட்டைத் தாண்டினால் கேபிளையோ சுவிட்சையோ பாருங்கள். இவை மட்டும்தான் குறை என்றால், ஒர்க்‌ஷாப்பே அரை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டிய வேலை. இதற்கு வழக்கு வேண்டாம்.

இரண்டும் சரியாக இருந்து, செல்ஃப் இழுக்கும் கரண்ட் கிளாம்ப் மீட்டரில் (கேபிளைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட்டை அளக்கும் கருவி) 250, 300 ஆம்பியர் என்று ஏறினால், நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு முன்பக்க ஹேண்டிலைக் கையால் சுற்றிப் பாருங்கள். புது ரிங்கின் இறுக்கம் ஓரளவு இருக்கும். அது சுற்று முழுவதும் ஒரே சீராக இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிடித்தாலோ, சூட்டில் ஹேண்டில் அசையாமல் நின்றாலோ பேரிங் கிளியரன்ஸ் (பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி) குறைவு என்று சந்தேகிக்கலாம். அது ஒர்க்‌ஷாப்பின் பொறுப்பு. "லேத்காரர் அரைத்தது" என்று அவர்கள் கைகழுவ முடியாது. நீங்கள் பணம் கொடுத்தது ஒர்க்‌ஷாப்புக்கு.

ஹேண்டில் லேசாகச் சுற்றியும் ஆம்பியர் ஏறினால், செல்ஃபின் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து, உள்ளே சுழலும் ஆர்மேச்சர் உரசுகிறது எனலாம். அப்போது "பழைய செல்ஃப்" என்ற அவர்கள் வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் நீங்கள் அனுப்பிய சீட்டின் நான்காவது வரியைப் பாருங்கள்: "செல்ஃப் சர்வீஸ் 1,800". அதற்கும் கூலி வாங்கியிருக்கிறார்கள். அந்த ஒரு வரி உங்களுக்குப் பெரிய பலம். சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, பதிவு வசதியுள்ள ஸ்பீட் போஸ்ட்டில், டெலிவரிச் சான்றுடன் ஒர்க்‌ஷாப்புக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். எடுத்த அளவுகளை எழுதி, இன்ன தேதியில் உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர் (வண்டிச் சேதத்தை மதிப்பிடுபவர்) முன்னிலையில் வண்டி சோதிக்கப்படும், நீங்களும் வரலாம் என்று அழைத்து, 15 நாள் அவகாசம் கொடுங்கள். பாக்கி 25,000-ஐத் தர மாட்டேன் என்று எழுதாதீர்கள். குறை சரியானதும் தருவேன் என்று எழுதுங்கள். பாக்கி இருப்பதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்றாகிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பகுதி கொடுத்து மீதியைத் தருவதாகச் சொன்னவரையும் ஏற்கிறது. (வண்டியைக் கல்யாணம், ஷூட்டிங் என்று வாடகைக்கு விடுபவர்களுக்கு வணிக நோக்கம் என்ற தடை வரலாம்.)

எழுத்தில் எதுவும் வாங்காமல் வண்டியை மறுபடி அங்கே விடாதீர்கள். கூலி வரும்வரை வேலை செய்த பொருளை வைத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு தருகிறது. வண்டியை உங்களிடம் ஒப்படைத்தபோது அவர்கள் அந்தப் பிடியை இழந்தார்கள்; மறுபடி விட்டால் அதை நீங்களே திருப்பிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வேலையைத் திரும்பச் செய்யும் செலவு, சர்வேயர் கட்டணம், மன உளைச்சலுக்கு இழப்பீடு என எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். வாட்ஸ்அப் உரையாடலோடு, பாரதிய சாட்சிய அதிநியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றையும் இணையுங்கள்.

சர்வேயர் பிரிக்கச் சொன்னால், அவர் முன்னிலையில் மட்டும் பிரியுங்கள். கழற்றிய பேரிங் ஷெல்களை (பேரிங்கின் அரைவட்டத் தகடுகளை) துடைக்க வேண்டாம். எண்ணெயோடு படமெடுத்து, எந்த ஷெல் எந்த சிலிண்டருடையது என்று எழுதி, தனித்தனிக் கவரில் போட்டு அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.