அம்மாவின் தட்டு எங்கே?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு சிசிலியக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஆண்டுதோறும் மார்ச் 19-ஆம் தேதி புனித சூசையப்பர் திருநாளுக்கு மத்தி மீன் பாஸ்தா சமைப்பது என் பொறுப்பு. இரண்டு கிலோ மீனையும் அம்மா விடியற்காலையிலேயே சுத்தம் செய்து தந்துவிடுவார். மொழி தெரியாததால் விருந்தினர் வந்ததும் உள்ளறைக்குப் போய்விடுவார். மற்றதெல்லாம் நானே செய்கிறேன். கணவர் நன்றாக இருக்கிறது என்கிறார். மைத்துனர் சீஸ் தூவியது தவறு என்கிறார். மாமியார் மட்டும் ஆறு ஆண்டுகளாக ஒரு வாய் உண்டுவிட்டு, ‘ஏதோ குறைகிறது’ என்கிறார். அவரை நிறைவு செய்ய நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மாமியாரின் நாக்கைப் பற்றிய கடிதங்கள் இந்தப் பகுதிக்கு ஓயாமல் வருகின்றன, குழம்பின் பெயர்தான் மாறுகிறது. ஆகவே சமையலை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் மைத்துனர் சொல்வது சரி, இந்தப் பாஸ்தாவுக்குச் சீஸ் வேண்டியதில்லை. சீஸ் வாங்க வசதியில்லாத ஏழைகள் பழைய ரொட்டியைத் தூளாக்கி, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தூவினார்கள். சூசையப்பர் தச்சர் என்பதால் அந்தத் தூளை அவருடைய பட்டறையின் மரத்தூள் என்றும் சொல்வார்கள். காட்டுப் பெருஞ்சீரகக் கீரையை வேகவைத்த நீரைக் கொட்டிவிடாமல், அதிலேயே பாஸ்தாவை வேகவையுங்கள். வெங்காயத்தோடு உப்பு நெத்திலியை எண்ணெயில் கரைத்து, உலர் திராட்சை, பைன் கொட்டை, குங்குமப்பூ சேர்த்து, மத்தியைக் கடைசியில் போடுங்கள். பிசறிய பாஸ்தாவைச் சிறிது நேரம் ஆறவிட்டுப் பரிமாறுங்கள். மாமியார் தேடும் குறை அநேகமாக இவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த குறை வேறு. ‘உள்ளறைக்குப் போய்விடுவார்’ என்று, கீரையின் விலையைச் சொல்வதுபோல் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிட்டீர்கள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். உங்கள் கடிதத்தில் கணவரின் கருத்து இருக்கிறது, மைத்துனரின் கருத்து இருக்கிறது, மாமியாரின் கருத்து ஆறு ஆண்டு வரலாற்றோடு இருக்கிறது. இரண்டு கிலோ மத்தியின் தலையைக் கிள்ளி, குடலை இழுத்து, கட்டைவிரலால் வயிற்றைப் பிளந்து முள்ளை உருவி எடுத்தவர் அந்த உணவைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது மட்டும் இல்லை. அவர் அதைச் சாப்பிட்டாரா என்பதுகூட இல்லை. ‘மற்றதெல்லாம் நானே’ என்று எழுதும்போது உங்கள் கை தயங்கவில்லையா?

எந்தத் திருநாளில் இப்படி நடக்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். சிசிலியில் சூசையப்பர் விருந்து தொடங்கியதே இல்லாதவருக்கு இலை போடுவதற்காகத்தான். பஞ்சத்திலிருந்து காத்ததற்கு நன்றியாக அந்த மேசை இடப்படுகிறது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. பல ஊர்களில் ஏழைகளில் மூவரை இயேசு, மரியாள், சூசையப்பராகப் பாவித்து அழைத்து வருகிறார்கள். அவர்கள் இரண்டு கதவுகளைத் தட்டி, இடமில்லை என்று திருப்பப்பட்டு, மூன்றாவது வீட்டில் வரவேற்கப்படுகிறார்கள். அவர்கள் உண்ட பிறகுதான் வீட்டார் உண்பார்கள். தங்க இடமின்றி அலைந்த குடும்பத்துக்காக மேசை விரிக்கும் அந்த நாளில், போரால் வீட்டை விட்டுவந்த மக்களின் மகளான நீங்கள், பெற்ற தாயை அறைக்குள் வைத்துவிட்டு விருந்தினருக்குப் பரிமாறுகிறீர்கள். ஏழைகள் மீன் வாங்க முடியாதபோது மீனில்லாமலே இதைச் சமைத்து, ‘மத்தி இன்னும் கடலில் இருக்கிறது’ என்று பெயரிட்டுச் சிரித்துக்கொண்டார்கள். உங்கள் வீட்டில் மத்தி மேசைக்கு வந்துவிட்டது. அதைச் சுத்தம் செய்தவர்தான் வரவில்லை.

மொழி தெரியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். பலெர்மோத் தமிழர் பலர், சைவர்கள் உட்பட, மொந்தே பெல்லெக்ரினோ மலையேறி, நகரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலில் கும்பிடுகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அந்தப் புனிதை யாரிடமும் இத்தாலிய மொழித் தேர்வு நடத்துவதில்லை. ஆறு ஆண்டுகளில் அம்மாவுக்கு இருபது சொற்களை நீங்கள் கற்றுக்கொடுத்திருக்கலாம், குறைந்தது அருகில் உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கலாம். அவர் தாமாகத்தான் எழுந்து போகிறாரா, அல்லது முதல் ஆண்டில் உங்கள் முகத்தில் ஓடிய சங்கடத்தைப் பார்த்துப் போகக் கற்றுக்கொண்டாரா? தாய்மார்கள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பிள்ளையின் முகத்தைப் படிக்க அவர்களுக்கு எந்த மொழியும் வேண்டாம். மாமியாரை மதிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெற்றவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்த பிறகு அவரை மதியுங்கள் என்கிறேன். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. பழைய காலத்து மனுஷி என்று நீங்கள் நினைத்தாலும் கவலையில்லை.

வருகிற மார்ச் 19 அன்று விருந்தினர் வருவதற்கு முன்பே அம்மாவை மேசையின் தலைப்பக்கம் உட்கார வையுங்கள். ‘வேண்டாம் பிள்ளை, நான் பிறகு சாப்பிடுகிறேன்’ என்பார். நம்பாதீர்கள், இரண்டாம் முறையும் மறுத்தால் மூன்றாம் முறையும் அழையுங்கள். ரொட்டித் தூளை அவர் கையால் தூவச் சொல்லுங்கள். மீனைச் சுத்தம் செய்தவர் இவர்தான் என்று மாமியாரிடம் அவருடைய மொழியிலேயே சொல்லுங்கள். முதல் தட்டை அம்மாவுக்கு வைத்து, எப்படி இருக்கிறது என்று அவரிடம் முதலில் கேட்டு, அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். உப்புக் கூடிவிட்டது என்றால் அடுத்த ஆண்டு நெத்திலியைக் குறைத்துக்கொள்ளலாம்.